ஆளுக்கு ஆயிரம் புள்ளி

கொக்குவில் ரயில் கடவைக்கு அங்காலை
பதினொரு வருசம் நடத்திய ரியூற்றரியை
ஒரு ஞாயிறு பின்னேரம் பிரித்தோம்.
சண்டை இல்லை. பிள்ளைகளும் இல்லை.
பாதிப் பேர் போனுக்குள் போய்விட்டார்கள்,
மீதிப் பேர் ரவுணில் ஏசி மண்டபங்களுக்கு.

வாங்குகள் முப்பத்தெட்டு.
ஆளுக்கு ஒன்பது, மிச்சம் இரண்டு.
ஒன்றுக்குக் கால் இல்லை.
மற்றதில் எவனோ கொம்பாசால்
தர்மிகா என்று ஆழமாய்க் கீறியிருந்தான்.
இரண்டையும் வீட்டுக்காரருக்கே விட்டோம்.

வாங்கு பிரியும், ஜெனரேற்றர் பிரியாது.
நாலாய் வெட்டினால்
நாலு பேருக்கும் பழைய இரும்பு.
விற்றுக் காசைப் பிரிப்பம், என்றார் பௌதிகம் குகனேசன்.
சீட்டுப் போட்டு எடுப்பம், விதி விட்ட வழி,
என்றார் இரசாயனம் றெஜினோல்ட்.
நான் இணைந்த கணிதம்.
என்னிடம் வந்து விதியா?

ஆளுக்கு ஆயிரம் புள்ளி, என்றேன்.
எது எவ்வளவு வேணுமோ அவ்வளவு எழுதுங்கோ.
கூட்டினால் ஆயிரம் வரவேணும்.
கூடப் போட்டவருக்குச் சாமான்.
மற்றவரின்ரை துண்டை எட்டிப் பாக்கக் கூடாது.
திருத்தாத விடைத்தாள் ஒன்றை நாலாய்க் கிழித்தேன்.
தலை நரைத்த நாலு பேர்
பின்வாங்குப் பெடியள் மாதிரி
கையால் மறைத்து மறைத்து எழுதினோம்.

ஜெனரேற்றர் குகனேசனுக்கு, ஐந்நூற்றிருபது.
ஃபோட்டோகொப்பி மெசின் றெஜினோல்டுக்கு, அறுநூற்றுப் பத்து.
வெண்பலகையும் இரண்டு ஃபானும் எனக்கு, நானூற்றிருபது.
பெயர்ப் பலகைக்கு நாலு துண்டிலும் சைபர்.
அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.
முந்தநாள் ஒரு தாய் அதை நம்பி வந்து
கேற்றைத் தட்டினாவாம்.

சிவரூபி ரீச்சரின் துண்டில் ஒரே ஒரு வரி.
மணி: ஆயிரம்.

மணி என்றால் மணியில்லை,
கூரை வளையில் கம்பியால் கட்டிய
தண்டவாளத் துண்டு, ஒரு முழம்.
பழைய இரும்புக்காரன் நிறுத்தால்
பத்துப் பன்னிரண்டு கிலோ தேறும்.
அடிக்க ஒரு லொறி போல்ட்.

ஏன் ரீச்சர், என்று கேட்டேன்.
மிச்சம் ஒண்டும் ஸ்கூட்டியிலை ஏறாது சேர், என்றா.
காலடியில் அதைக் கிடத்தி
ஒழுங்கை வளைவில் ஒருமுறை தளம்பி
நிமிர்ந்து போனா.

கணக்கில் பிழையில்லை.
அவரவர் கையெழுத்தின்படி
எல்லாருக்கும் காற்பங்குக்கு மேலே கிடைத்தது.
மாத்துவமா என்றால் ஒருவரும் மாற்றோம்.
நிறுவி முடித்தாயிற்று,
கீழே இரட்டைக் கோடும் இழுத்தாயிற்று.
ஆனால் இரவு நித்திரை வரவில்லை.

மணிக்கு நாங்கள் மூவரும் போட்டது சைபர்.
அவ ஒரு புள்ளி போட்டிருந்தாலே போதும்.
மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு
மெசினை எடுத்திருக்கலாம், ஜெனரேற்றரையும் சேர்த்து.
எங்கள் முகங்களைப் பார்த்தே
நாலு துண்டையும் வாசித்திருக்கக் கூடிய மனுசி.
உயிரியல்காரிக்குக் கணக்கு விளங்கவில்லையா,
விளங்கித்தான் எங்களுக்கு விட்டாவா?
கேட்கலாம். கேட்டால்
ஸ்கூட்டி என்றுதான் சொல்லுவா.

இப்போது என் கராஜில் ஒன்பது வாங்கு, பதினொரு பிள்ளைகள்.
நேற்றுத் தொகுத்தறிமுறை.
k-க்கு உண்மை என்று கொள்வோம்,
இனி k கூட்டல் ஒன்றுக்கு, என்று திரும்புகிறேன்,
இரண்டு ஒழுங்கை தள்ளி
இரும்பில் இரும்பு விழுகிறது.
நாலு மணி.
பதினொரு கொப்பியும் ஒன்றாய் மூடின.
நான் விடவில்லை, அவர்கள் எழும்பிவிட்டார்கள்.
k கூட்டல் ஒன்று பலகையில் அந்தரத்தில்.

போன் அடித்தது. குகனேசன்.
ஜெனரேற்றர் இரைச்சலுக்குள்ளாலை கத்தினார்:
உமக்கும் கேக்குதே?